மேசையில் ஒன்பது பேர், மீ எந்தக் கடையில்?

"பினாங்குக்கு வந்துவிட்டு மீ சாப்பிடாமல் திரும்புவதா?" என்று போன வாரம் மாமா தொலைபேசியில் கேட்டார். பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து அவர், அத்தை, இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா, நான், என் கணவர், மகள். மொத்தம் ஒன்பது பேர். ஒரு நாளாவது ஒன்பது பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீ, அதாவது சீன நூடல்ஸ், சாப்பிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கடையை நான் பார்த்து வைக்க வேண்டுமாம்.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் மீ விற்காத தெருவைத் தேடுவதுதான் கஷ்டம். ஆனால் எங்கள் ஒன்பது பேரையும் பாருங்கள். பெரியம்மா பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் தொடமாட்டார், புரட்டாசியில் வெங்காயம் பூண்டும் கிடையாது. அத்தை கோழி, மீன் சாப்பிடுவார். மாடும் பன்றியும் இல்லை. மாமா மாட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் சாப்பிடுவார். அம்மாவுக்கு முட்டி வலி. என் மகளுக்கு உறைப்பு ஆகாது. மலேசியாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே நிலைதான் இருக்கும். அதனால் ஐந்து வகைக் கடைகளையும் மனத்தில் வைத்து யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு பழைய கதை. சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவை ஒரு சீனர் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த மீ கடையில், இறைச்சி வேண்டாம், இறால் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு கிண்ணம் மீகூன் (மெல்லிய அரிசி மீ) சூப் வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர், சொன்னபடியே மீகூனும் தவ்கே எனும் முளைப்பயறும் கீரையும் மட்டும் போட்டுக் கொடுத்தார். பெரியம்மா ஒரு கரண்டி எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் மட்டும் குடித்துவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இறால் தலையையும் பன்றி எலும்பையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சூப் அது. மேலே போடுவதைத்தான் நான் நிறுத்தச் சொன்னேன். அடியில் இருந்ததைப் பற்றிக் கேட்கவே தோன்றவில்லை. பசியோடு அவர் வீடு திரும்பியது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இப்போது கடை தேடுகிறேன். எந்தக் கடையில் ருசி அதிகம் என்ற கேள்வி இரண்டாவது. மேசையில் யாருக்குக் கட்டுப்பாடு அதிகமோ, அவரிடமிருந்து தொடங்க வேண்டும். சீனர் மீ கடையில் அசைவம் நான்கு இடங்களில் இருக்கும்: மேலே போடும் இறைச்சி, அடியில் இருக்கும் சூப், பிரட்டும் எண்ணெய், பக்கத்தில் வைக்கும் சம்பால் எனும் மிளகாய்த் துவையல். சூப்பில் எலும்பு, எண்ணெயில் பன்றிக் கொழுப்பு, சம்பாலில் பெலாச்சான் எனும் இறால் விழுதோ காய்ந்த இறாலோ. இதில் முதலாவதையும் கடைசியையும் மட்டும்தான் நாம் "வேண்டாம்" என்று சொல்லித் தடுக்க முடியும்.

சரி, கோப்பிக் கடையிலிருந்தே தொடங்குகிறேன். பினாங்கின் பெருமையே அதுதான். கடை ஒருவருடையது, அதற்குள் இருக்கும் அங்காடிகள் வேறு பலருடையவை. நாற்காலியும் தண்ணியும் (கோப்பி, தேநீர் போன்ற பானங்கள்) கடைக்காரர் பொறுப்பு; மீயை அவரவர் அங்காடியில் போய்ச் சொல்ல வேண்டும். மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் தட்டு தானாக வரும், அப்போதே காசு கொடுத்துவிடலாம். மேசைக்குக் கட்டாயம் தண்ணி எடுக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் எப்போதும் ஜாதிக்காய்த் தண்ணிதான் வாங்கிக் கொடுப்பேன். பாலேக் பூலாவ் பக்கம் விளையும் ஜாதிக்காயில் செய்வது. லேசான துவர்ப்பும் வாசமுமாக, எண்ணெய்ப் பண்டத்துக்குப் பின் வாய்க்கு இதமாக இருக்கும்.

சார் கோய் தியோ எனும் பட்டை அரிசி மீயை வறுக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சியாம் ரோட்டில் இருக்கும் பெயர்பெற்ற கடையில் இன்னமும் கரியடுப்புதான். சட்டி காய்ந்து புகை கிளம்பியதும் கொழுப்பு, பூண்டு. அதன்மேல் ஒரு கை கோய் தியோ. சோயா தண்ணீரை ஒரு வீச்சு வீசியதும் சட்டி சீறும், வெள்ளை அரிசிப் பட்டைகள் பழுப்பாகும். அரைத்த மிளகாய் ஒரு கரண்டி. பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி வெந்ததும் மீயை அதன்மேல் புரட்டுவார்கள். இறால், லாப் சியோங் எனும் சீன சாசேஜ், தவ்கே, கூச்சாய்க் கீரை. கெராங் எனும் மட்டி கடைசியில்தான் விழும். அதிகம் வெந்தால் ரப்பராகிவிடும். மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்தக் கருகலும் கருகாததுமான வாசத்தைக் கன்டனீஸ்காரர்கள் வோக் ஹே, அதாவது சட்டியின் மூச்சு என்கிறார்கள். நல்ல கைக்காரர் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு மூன்று தட்டுக்கு மேல் ஒரே தடவையில் வறுக்கமாட்டார். சட்டியில் கூட்டம் சேர்ந்தால் சூடு இறங்கிவிடும், வறுவல் அவியலாகிவிடும்.

ஒன்பது பேருக்கு இதுதான் சிக்கல். முதல் தட்டு வருவதற்கும் ஒன்பதாவது தட்டு வருவதற்கும் நடுவில் அரை மணி நேரம் ஓடிவிடும். எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தால் முதல் தட்டு ஆறிப்போகும். ஆறிப்போன கோய் தியோ ஒட்டிக்கொண்ட பிசின். இரண்டு மூன்று பேராகப் போய், தட்டு வந்த நிமிடமே சாப்பிட வேண்டிய பண்டம் அது.

கோலாலம்பூர்க்காரர்கள் பெயரிலும் ஏமாந்து போவார்கள். மாமா "ஹொக்கியன் மீ" என்று கேட்டால் பினாங்கில் அவருக்கு வரப்போவது இறால் சூப். மஞ்சள் மீயும் மீகூனும் கலந்து, சிவப்புச் சூப் ஊற்றி, மேலே அரை முட்டை, இறால், சம்பால். அவர் மனத்தில் இருப்பதோ கோலாலம்பூரின் பெட்டாலிங் ஸ்திரீட் வகை: தடித்த மஞ்சள் மீயைக் கறுப்புச் சோயாவில் பிரட்டி, பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவியது. 1927 முதல் இருக்கும் கிம் லியான் கீ கடை அதற்குப் பெயர்போனது. பினாங்கில் அதற்கு நெருக்கமானதைக் கேட்க வேண்டுமானால் "ஹொக்கியன் சார்" என்று சொல்ல வேண்டும். "லக்சா" என்றாலும் அப்படித்தான். இங்கே தேங்காய்ப்பால் வராது. மீனும் புளியும் சேர்ந்த அசாம் லக்சா வரும். தேங்காய்ப்பால் ஊற்றியது வேண்டுமென்றால் "கறி மீ" என்று கேளுங்கள்.

கறி மீயில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சூப்பில் மிதக்கும் கரும்பழுப்புச் சதுரங்கள் தவ்ஃபூ எனும் சோயாக் கட்டி அல்ல, உறையவைத்த பன்றி ரத்தம். நம் வீட்டில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் அத்தை மாதிரி பன்றி சாப்பிடாதவர்கள் தெரியாமல் கரண்டியில் எடுத்துவிடக் கூடாது. சொன்னால் போடாமல் கொடுப்பார்கள், ஆனால் சூப் அதே சூப்தான். அத்தைக்கு இது சரிவராது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் அம்மாவின் முட்டி. பழைய கோப்பிக் கடைகளில் ஐந்தடி நடைபாதையில் ஒரு படி, கடைக்குள் இன்னொரு படி, முதுகு சாயாத முக்காலி. பல கடைகளில் கழிப்பறை பின்கட்டில் இருக்கும், தரையும் ஈரமாக இருக்கும். நியூ லேனிலோ சூலியா ஸ்திரீட்டிலோ இரவுக் கடைகளுக்குப் போனால், வாகனம் போகும் சாலையோரத்திலேயே மேசை. இளையவர்களுக்கு அதுவே கொண்டாட்டம். அம்மாவுக்கு ஒரு மணி நேரத் தவிப்பு.

இதற்கெல்லாம் பதில் பேரங்காடிக்குள் இருக்கும் குளிர்சாதன மீ உணவகம். மின்தூக்கி, சாயும் நாற்காலி, படம் போட்ட மெனு, சுத்தமான கழிப்பறை. ஒன்பது கிண்ணமும் பத்து நிமிட இடைவெளிக்குள் வந்துவிடும். வான்தான் மீ, பான் மீ, சூப் மீ எல்லாம் இருக்கும். ஆனால் விலைப்பட்டியலில் பார்ப்பது கடைசி விலை ஆகாது. பல இடங்களில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதோடு அரசின் சேவை வரி 6 விழுக்காடு. 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாப்பிட்டால் 116 வெள்ளி கட்ட வேண்டும். கோப்பிக் கடையில் ஒன்பது பேர் வயிறு நிறையச் சாப்பிடும் காசுக்கு இங்கே நான்கைந்து பேர்தான் சாப்பிட முடியும். ருசியும் எந்த ஊரில் போய்ச் சாப்பிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். அதற்காகச் செந்தூலிலிருந்து பினாங்குவரை வர வேண்டியதில்லை.

இங்கே ஹலால் பற்றியும் ஒரு வார்த்தை. சில கடைகளில் பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை என்று பலகை மாட்டியிருப்பார்கள். அத்தைக்கு அது போதும். ஆனால் முஸ்லிம் நண்பர்களை அழைத்துப் போகும்போது அந்தப் பலகையை ஹலால் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றம் கொடுக்கும் முத்திரை வேறு. கோழி எங்கே, எப்படி அறுத்தார்கள், சமையலில் மது சேர்க்கிறார்களா என்பதெல்லாம் அதில் அடங்கும். என் பள்ளித் தோழி ஒருத்தி தமிழ் முஸ்லிம். அவளும் ஒரு நாள் எங்களோடு சேரப் போகிறாள் என்பதால் இதையும் கணக்கில் வைத்தேன்.

அவளுக்காக முதலில் நினைத்தது மீ தாரிக். வடமேற்குச் சீனாவின் லான்சோ நகரத்து ஹுய் முஸ்லிம்களின் சூப் மீ அது. கடை வாசலிலேயே மாவை இழுத்துக் காட்டுவார்கள். ஒரு கயிறு, மடித்தால் இரண்டு, நான்கு, எட்டு. எட்டாவது மடிப்பில் 256 இழை. மாமாவின் சின்ன மகன் வாயைப் பிளந்து பார்ப்பான் என்பது நிச்சயம். ஆனால் லான்சோ மீயின் உயிரே மாட்டு எலும்புச் சூப். கோழிக் கிண்ணம் விற்கும் கடைகளிலும் அடிச் சூப் எது என்று கேட்டே ஆக வேண்டும். எங்கள் மேசையில் ஒன்பது பேரும் மாடு சாப்பிடாதவர்கள். அதனால் இதை அடித்துவிட்டேன். உங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால், முஸ்லிம் நண்பர்களோடு சீன மீ சாப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது நம்மவர்களின் மீ கோரேங். சீனர்களின் மஞ்சள் மீயை எடுத்து, தமிழ் முஸ்லிம்கள் தங்கள் கைமணத்தில் மாற்றிய பண்டம். உருளைக்கிழங்கு, தவ்ஃபூ, பொரித்த மாவு உருண்டை, தக்காளி சாஸ், மிளகாய், மேலே எலுமிச்சை. மீ ரெபூஸ் என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த கெட்டிக் குழம்பு. பினாங்கில் இந்த இரண்டு சமூகத்துக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதற்கு பேங்காக் லேன் மீ கோரேங் ஒன்றே போதும். தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் அங்காடி, சீனர் கோப்பிக் கடைக்குள்ளேயே பல காலமாக இருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் தமிழில் மீயும் இன்னொரு பக்கம் ஹொக்கியனில் கோப்பியும் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனம் நிறைந்துவிடும். தோழியோடு போக இதுதான் என்று முடிவாகிவிட்டது. பெரியம்மாவுக்கு மட்டும் இங்கேயும் இடமில்லை. குழம்பில் கணவாயோ இறாலோ இருக்கும், சட்டியும் ஒன்றே.

ஆக, பெரியம்மா மனநிறைவோடு சாப்பிடக்கூடிய ஒரே சீன மீ கடை, சீனச் சைவக் கடை. சொல்லப்போனால், இத்தனை நாள் இதை நான் கடைசியில் வைத்துப் பார்த்ததே தவறு.

இந்தக் கடைகளை அடையாளம் காண்பது சுலபம். பலகை பெரும்பாலும் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் இருக்கும். பல கடைகளில் இடப்பக்கம் திரும்பிய ஸ்வஸ்திகா போட்டிருக்கும். பௌத்தச் சின்னம் அது. ஹொக்கியனில் "சியா சாய்" என்றால் சைவம் சாப்பிடுவது. அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் அக்கம்பக்கத்து ஆண்ட்டியே கடைக்கு வழி காட்டிவிடுவார். சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி, சீனர்கள் பலர் சைவம். நம் வீட்டு அமாவாசை விரதம் மாதிரியேதான். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கு ஒன்பது நாள் விரதம். 2023-லும் 2024-லும் அந்த விரதமும் நம் நவராத்திரியும் ஒரே நாளில் தொடங்கின. அந்த நாட்களில் தெருவெல்லாம் மஞ்சள் கொடியோடு சைவ அங்காடிகள் முளைத்துவிடும். பெரியம்மாவை வெளியே அழைத்துப் போக ஆண்டிலேயே அதுதான் நல்ல காலம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பௌத்த முறைச் சைவத்தில் வெங்காயம், பூண்டு, கூச்சாய் இவற்றையும் ஒதுக்குவார்கள். புரட்டாசி நோன்பில் பெரியம்மா ஒதுக்குவதும் அதைத்தான். "அவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே!" என்று முதல் தடவை கேட்டபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

ஆனாலும் சைவக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு போய்விட முடியாது. முட்டை பற்றிக் கேட்க வேண்டும். பல சீனச் சைவக் கடைகளில் முட்டை சேர்ப்பார்கள். வான்தான் மீயின் மாவிலேயே முட்டை இருப்பது வழக்கம். மஞ்சள் மீக்கு அந்த நிறமும் இழுவையும் சோடா உப்பு மாதிரியான காரம் கலந்த தண்ணீரால் வருகிறது என்றாலும், சில இடங்களில் அதிலும் முட்டை உண்டு. அதனால் முட்டை ஆகாதவர்களுக்கு நான் சொல்வது மீகூன் அல்லது கோய் தியோ, இரண்டும் அரிசி. கோழி, பன்றி, மீன் வடிவத்தில் வரும் போலி இறைச்சி சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது. சிலவற்றில் ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். "ஆடா தெலோர்?" (முட்டை இருக்கிறதா?) என்று மலாயில் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். பெரியம்மாவுக்கு அந்த இறைச்சி வடிவமே பிடிக்காது. அவருக்குக் காளான், பொரித்த தவ்ஃபூ, சோயாப்பால் ஆடையில் செய்யும் ஃபூ சோக் இவை மூன்றும் போட்டால் போதும்.

ருசி? உண்மையைச் சொல்கிறேன். சைவக் கடையின் சார் கோய் தியோ சியாம் ரோட்டுக்கு ஈடாகாது. கொழுப்பும் மட்டியும் கொடுப்பதை வேறொன்றும் கொடுக்காது. ஆனால் கறி மீ அப்படியில்லை. தேங்காய்ப்பால், செரை எனும் எலுமிச்சைப்புல், மஞ்சள், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை சேர்ந்த சூப்பில் பொரித்த தவ்ஃபூ ஊறியிருக்கும். கடித்தால் உள்ளேயிருந்து சூடான குழம்பு வாயெல்லாம் பாயும். அதில் இறைச்சி இல்லை என்பதை மாமாவே கவனிக்கமாட்டார். சைவ அசாம் லக்சாவிலும் புளியும் இஞ்சிப்பூவும் கெசோம் இலையும் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். மகளுக்கு உறைப்பில்லாத சூப் மீகூன் இருக்கிறது. அத்தைக்குப் பன்றி பற்றிய கவலை இல்லை. நான் நினைத்திருக்கும் கடையில் படி கிடையாது, நாற்காலிக்கு முதுகும் உண்டு, அம்மாவுக்கும் ஆயிற்று. விலை கோப்பிக் கடை விலைதான்.

மாமாவிடம் நேற்று இரவு சொன்னேன். சனிக்கிழமை மதியம் ஒன்பது பேரும் சைவக் கடையில். அன்று மாலை, அம்மாவும் பெரியம்மாவும் வீட்டில் ஓய்வெடுக்கும்போது, அவரும் என் கணவரும் மட்டும் சியாம் ரோட்டுக்குப் போய் வரிசையில் நின்று கோய் தியோ சாப்பிட்டு வரட்டும். ஞாயிறு, தோழியோடு பேங்காக் லேன். அத்தையும் பிள்ளைகளும் நானும்.

"பினாங்கு வந்து சைவமா?" என்று மாமா கொஞ்சம் இழுத்தார். பெரியம்மா கரண்டியைச் சாய்த்து வைத்த அந்த இரவைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்காவுக்கு என்ன மீ பிடிக்கும்?" என்று கேட்டார்.

மீகூன்தான். பதினொன்றரை மணிக்கே போய்விட வேண்டும்; பன்னிரண்டுக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் ஒன்பது பேருக்குச் சேர்ந்தாற்போல் மேசை கிடைக்காது.